உயில் எழுதாமல் இறந்த தங்கையும் மூன்றாம் வரிசையில் நின்ற அம்மாவும்

என் தங்கை 2021 நவம்பரில், 45-ஆம் வயதில், மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் இறந்தாள். கணவரை இழந்தபின் 18 ஆண்டுகள் எங்கள் பெற்றோருடன் வாழ்ந்தவள். அவளுக்குக் குழந்தை இல்லை. உயிலும் எழுதி வைக்கவில்லை. ஓர் இந்துப் பெண்ணின் வாழ்வில் இவை ஒன்றுசேர்ந்தால், அவள் உழைத்துச் சேர்த்த சொத்து பெற்ற தாய்க்கு வராமல், கணவரோடு பிறந்தவர்களுக்குப் போகும் என்பது அதுவரை எனக்கோ, என் அம்மாவுக்கோ, எங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்த படித்த உறவினர்களில் ஒருவருக்கோகூடத் தெரிந்திருக்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளவும், தெரிந்தபின் அம்மா குடியிருக்கும் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளவும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளும், ஒரு மனையும், மூன்று லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட செலவும் ஆயின. எங்களைப் போன்ற குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளமாக இருப்பதால், நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

தங்கைக்கு 2001-இல் திருமணம் நடந்தது. 2003-இல் அவள் கணவர் சாலை விபத்தில் இறந்தார். புகுந்த வீட்டில் அவளை யாரும் துரத்தவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. காரியம் முடிந்து சில மாதங்களில் அப்பா போய் அழைத்து வந்துவிட்டார். பிறகு கணக்கியலில் ஒரு பட்டயப் படிப்பை முடித்து, ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்து, கடைசி நாள்வரை அங்கேயே வேலை பார்த்தாள். எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. நான் திருமணமாகி வேறு ஊரில் ஆசிரியராக இருந்தேன். ஆகவே, ஒரு மகன் செய்யவேண்டியவை என்று ஊரார் சொல்லும் அத்தனையையும் அவள்தான் செய்தாள். மின்கட்டணம், அம்மாவின் சர்க்கரை மாத்திரை, வீட்டின் ஒழுகும் தளத்தைச் செப்பனிட்டது, அப்பாவின் இறுதி நாட்களில் மருத்துவமனையில் தங்கியது எல்லாமே அவள் பொறுப்பில் நடந்தன. 2016-இல் அப்பா இறந்தபோது கொள்ளி வைத்ததும் அவளே. முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள், ஆனால் யாரும் தடுக்கவில்லை. குடும்பம் மாறிவிட்டது, ஊரும் ஓரளவு மாறிவிட்டது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அவள் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவள் என்பதைப் பற்றி 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வேறொரு கருத்து வைத்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அவள் பெயரில் இருந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் போயிற்று. விதவையாகி வந்த மகளுக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்று, அப்பா 2006-இல் தம் சொந்த வீட்டின் சரிபாதியை அவளுக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்து கொடுத்திருந்தார். மீதிப் பாதி அப்பா பெயரிலேயே இருந்து, அவர் இறந்ததும் அம்மா, நான், தங்கை ஆகிய மூவருக்கும் சமமாக வந்திருந்தது. இவை தவிர, 2013-இல் தன் சம்பளச் சேமிப்பில் வாங்கிய ஒரு மனை, வங்கியில் சுமார் 9 லட்ச ரூபாய் வைப்புத்தொகை, திருமணத்துக்கு அப்பா போட்ட நகை, வருங்கால வைப்புநிதி, ஒரு சிறிய ஆயுள் காப்பீடு ஆகியவை இருந்தன.

பதினாறாம் நாள் கழிந்து ஒரு மாதத்தில் அம்மாவின் பெயரில் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலர் வந்து விசாரித்தபோது சிக்கல் எதுவும் தெரியவில்லை. வருவாய் ஆய்வாளர்தான், “திருமணம் ஆனவரா? கணவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார். கணவரே இல்லாதபோது கணவர் வீட்டாரை எதற்குக் கேட்கிறார் என்று எனக்குச் சற்றுக் கோபம்கூட வந்தது. சில வாரங்களில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கணவரோ பிள்ளைகளோ உயிருடன் இல்லாததால், உரிமையியல் நீதிமன்றத்தை அணுகுமாறு அதில் எழுதியிருந்தது. அதே நேரத்தில் வங்கியும், நியமனதாரராக (நாமினியாக) குறிப்பிடப்பட்டிருந்த அப்பா இறந்துவிட்டதால், நீதிமன்றம் வழங்கும் வாரிசுரிமைச் சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னது. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் உறவைக் காட்டும் ஆவணம் மட்டுமே. வைப்புத்தொகை, பங்கு, கடன் பத்திரம் போன்றவற்றை வசூலிக்க 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் தருவது வேறு ஆவணம். பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால், ஒன்றைக் கேட்டால் மற்றொன்றுக்கு வழிகாட்டி அலையவிடுவார்கள். வங்கி எதைக் கேட்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் தரகர்கள் நுழைவார்கள். எங்களிடம் வந்தவர், தங்கையின் ஆதார் அட்டையில் அப்பாவின் பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு, “திருமணமே ஆகவில்லை என்று போட்டுவிடலாம் டீச்சர், அம்மா பெயரில் சான்றிதழ் வந்துவிடும்” என்றார். ‘விண்ணப்ப வேலைகளுக்கு’ என்று சொல்லி அவர் ஏற்கெனவே வாங்கியிருந்த 10,000 ரூபாய், நான் இதற்கு ஒப்பவில்லை என்றதும் திரும்பி வரவில்லை. இப்படிப் பெற்ற சான்றிதழை எதிர்த்தரப்பு ஒரே ஒரு திருமணப் புகைப்படத்தைக் காட்டி ரத்து செய்யவைக்கலாம் என்பதோடு, பொய்யான தகவல் கொடுத்தவர் என்று கையெழுத்திட்ட 74 வயது அம்மாவின் மீதே வழக்கும் வரலாம். அதைவிட, அவள் வாழ்ந்த வாழ்க்கையில் இரண்டு ஆண்டுகளை இல்லையென்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவள் கணவர் நல்லவர். அவள் அவரை நேசித்தாள்.

பின்னர் மாவட்ட நீதிமன்றத்தில் பணிபுரியும் ஒரு பெண் வழக்கறிஞரைப் பார்த்தேன். அவர் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவை எடுத்து, வரிவரியாக விளக்கினார். இந்துப் பெண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொத்து முதலில் மகன், மகள், கணவர் ஆகியோருக்கும், முன்னரே இறந்துபோன பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் போகும். அவர்களில் எவரும் இல்லையென்றால், இரண்டாவதாகக் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். அவர்களும் இல்லாதபோதுதான் மூன்றாவதாகத் தாய் தந்தையர் வருவார்கள். கணவர் எப்போதோ இறந்திருந்தாலும், அந்தப் பெண் இறந்த மறுகணமே அவர் இறந்ததாகப் பாவித்து, அவருடைய வாரிசுகள் யார் என்று கணக்கிடவேண்டும் என்கிறது அடுத்த பிரிவு. தங்கையின் மாமனாரும் மாமியாரும் அவளுக்கு முன்பே காலமாகிவிட்டதால், எஞ்சியிருந்த கணவரின் அண்ணனும் நாத்தனாரும் சம வாரிசுகள் ஆனார்கள். மாமியார் உயிருடன் இருந்திருந்தால், அவர் ஒருவருக்கே எல்லாம் போயிருக்கும்.

நான் கேட்ட அடுத்த கேள்விக்குக் கிடைத்த பதில்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. எங்களுக்கு ஒரு தம்பி இருந்து, அவன் மனைவியை இழந்து, குழந்தையின்றி இறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அம்மா முதல் வகை வாரிசு. முழுச் சொத்தும் அவருக்கே வந்திருக்கும். இறந்த மனைவியின் வீட்டாருக்கு ஒரு காசுகூடப் போயிருக்காது. பெற்ற தாய் ஒருவரேதான். மகன் இறந்தால் முதல் வரிசையிலும், மகள் இறந்தால் மூன்றாம் வரிசையிலும் நிற்கிறார். 1989-இல் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005-இல் மத்தியத் திருத்தமும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு நிகரான உரிமையைக் கொடுத்தன. ஆனால் மகள் இறந்தபின் அவள் சொத்து எந்தப் பக்கம் போகும் என்ற கணக்கு மட்டும், கட்டிக்கொடுத்த பெண் கணவன் வீட்டுக்காரி என்ற பழைய நம்பிக்கையிலேயே நின்றுவிட்டது. 2008-இல் சட்ட ஆணையம் தனது 207-ஆவது அறிக்கையில் இப்பிரிவைத் திருத்தவேண்டும் என்று பரிந்துரைத்திருந்தும், தங்கை இறந்தபோது பிரிவு அப்படியேதான் இருந்தது.

நீதிமன்றத்தில் நியாயம் கேட்கலாமே என்று பலரும் சொன்னார்கள், நானும் கேட்டேன். அதற்கு வழக்கறிஞர், 2009-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ஓம் பிரகாஷ் எதிர் ராதா சரண் வழக்கைக் காட்டினார். நாராயணி தேவி என்பவர் 1955-இல் திருமணமாகி, மூன்று மாதங்களுக்குள் கணவரைப் பாம்புக்கடியில் இழந்து, புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, பெற்றோர் படிக்கவைத்ததால் வேலைக்குச் சென்று பெரும் சேமிப்பை விட்டுவிட்டு 1996-இல் உயிலின்றி இறந்தார். அவருடைய தாய் உரிமை கோரினார். கணவரின் சகோதரியுடைய மகன்களும் கோரினார்கள். மகன்களே வென்றார்கள். அனுதாபம் மட்டுமே ஒருவரின் உரிமையைத் தீர்மானிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். அந்தப் பெண்ணின் கதையைப் படித்தபோது என் தங்கையின் கதையையே வேறொரு கையெழுத்தில் படிப்பதுபோல் இருந்தது. அன்றிரவு நான் தூங்கவில்லை. என் கணவர், “அது உன் வீட்டு விவகாரம், நீயே பார்த்துக்கொள்” என்று சொல்லியிருந்தார். அவரை எழுப்பிச் சொல்லவும் தோன்றவில்லை.

இனி வீட்டின் கதை. அப்பா இறந்தபின் வாரிசுரிமையாகத் தங்கைக்கு வந்த பங்கு, மொத்த வீட்டில் ஆறில் ஒன்று. தாய் தந்தையரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்து, பெண்ணுக்குப் பிள்ளைகள் இல்லாதபோது தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பும் என்று 15-ஆம் பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. ஆகவே அந்த ஆறில் ஒரு பங்கு எங்களுக்கு வந்துவிட்டது. ஆனால் அப்பா உயிருடன் இருக்கும்போதே பாசத்தோடு எழுதிக்கொடுத்த சரிபாதி, தானமாக வந்ததே தவிர வாரிசுரிமையாக வந்ததன்று. அதற்கு விதிவிலக்கு பொருந்தாது. ஒரே கூரை, ஒரே கிணறு, ஒரே வாசல். அவளுடைய ஒரு பங்கு எங்களிடம் வந்தது, மற்றொரு பங்கு சம்பந்தி வீட்டுக்குப் போனது. அப்பா எதுவுமே எழுதாமல் இறந்திருந்தால் இந்த வீட்டுக்கு ஆபத்தே வந்திருக்காது. மகளுக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதும் பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும். மகளுக்கு ஆயுட்கால அனுபவ உரிமையும், அவளுக்குப்பின் யாருக்கு என்ற தெளிவான வாசகமும் வைத்து எழுத முடியும். அல்லது முழு உரிமையோடு எழுதிக்கொடுத்துவிட்டு, அதே வாரத்தில் மகளை ஓர் உயில் எழுதச் சொல்லலாம். பத்திர எழுத்தர்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை. அவர்களிடம் இருக்கும் மாதிரிப் படிவத்தில் பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

சிரமமின்றி வந்தவையும் உண்டு. தங்கை வருங்கால வைப்புநிதி இணையதளத்தில் அம்மாவை நியமனதாரராகப் பதிவு செய்திருந்தாள். அந்தத் தொகையும், அதனுடன் இணைந்த காப்பீட்டுத் தொகையும் சில மாதங்களில் அம்மாவின் கணக்குக்கு வந்தன. சார்ந்து வாழ்ந்த தாய் என்ற முறையில் ஒரு சிறிய மாத ஓய்வூதியமும் கிடைக்கிறது. ஆயுள் காப்பீட்டிலும் அம்மாவின் பெயரே இருந்தது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின், பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் ஆகியோரில் ஒருவரை நியமித்திருந்தால் காப்பீட்டுத் தொகை அவருக்கே உரியது.  வங்கி வைப்புத்தொகைக்கு இது பொருந்தாது. அங்கே நியமனதாரர் பணத்தை வாங்கி, உரிய வாரிசுகளிடம் சேர்க்கவேண்டிய பொறுப்பாளர் மட்டுமே. நியமனம் செய்துவிட்டால் உயில் தேவையில்லை என்று வங்கிக் கவுண்டரில் யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அதே சமயம், இறந்துபோன ஒருவரின் பெயர் நியமனதாரராக நீடிக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுவது நல்லது. தங்கையின் வைப்புத்தொகையில் அப்பாவின் பெயர் ஐந்து ஆண்டுகள் அப்படியே இருந்தது. நகை இருந்த வங்கிப் பெட்டகம் தங்கை, அம்மா இருவர் பெயரிலும், உயிருடன் இருப்பவர் திறக்கலாம் என்ற நிபந்தனையுடன் இருந்ததால், திறப்பதில் தடையில்லை. ஆனால் திறக்கும் உரிமை வேறு, சொந்தமாக்கும் உரிமை வேறு. திருமணத்தில் பெற்றோர் போட்ட நகையும் தானமே ஆகையால், அதிலும் சம்பந்தி வீட்டார் உரிமை கேட்கலாம் என்றார் வழக்கறிஞர். அப்பா பல ஆண்டு தவணையில் அடைத்த கடன் அந்த நகையில் இருக்கிறது என்பதை எந்தச் சட்டத்திடம் போய்ச் சொல்வது?

சம்பந்தி வீட்டாரை நாமே தொடர்புகொள்வதா, அவர்கள் கேட்கும்வரை சும்மா இருப்பதா என்று பல மாதங்கள் குழம்பினேன். சும்மா இருந்தாலும் வீட்டை விற்கவோ, அடமானம் வைக்கவோ, முழுப் பட்டாவை எங்கள் பெயருக்கு மாற்றவோ முடியாது. வைப்புத்தொகை முடங்கிக் கிடக்கும். அவர்கள் கையெழுத்து இன்றி எதுவும் நகராது என்பது தெளிவானபின் நானே போனேன். 18 ஆண்டுகளில் ஒருமுறைகூட அவளை வந்து பார்க்காத கணவரின் அண்ணன், பதினாறாம் நாள் காரியத்துக்கு மட்டும் வந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னபோது அவருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரிந்திருந்தது. “சம்பந்தியம்மா இருக்கிறவரைக்கும் வீட்டில் இருக்கட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் என் பங்கு என் பங்குதானே?” என்றார். அவர் கெட்டவர் என்று எழுதினால் எனக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அவர் சட்டம் கொடுத்ததைக் கேட்டார், அவ்வளவுதான். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, அவர் அழவில்லை. “என் வீட்டில் நான் இருக்க அந்தப் பிள்ளை அனுமதி கொடுக்கிறானாமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, இரண்டு நாட்கள் யாரிடமும் பேசாமல் இருந்தார்.

நாத்தனாரைத் தனியாகச் சந்தித்தது நல்லதாயிற்று. அவரும் கணவரைப் பிரிந்து பல ஆண்டுகளாக வாழ்பவர். தன் பாதிப் பங்கை எதையும் பெறாமல் அம்மாவுக்கு விட்டுக்கொடுப்பதாக முதல் சந்திப்பிலேயே சொன்னார். அண்ணனின் எதிர்ப்பையும் மீறிக் கடைசிவரை அந்தச் சொல்லில் நின்றார். கூட்டாகப் பேசியிருந்தால் அவர் வாய் திறந்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். எதிர்த்தரப்பில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்தால், ஒவ்வொருவரின் பங்கும் தனித்தனி என்பதால், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள்.

அண்ணனோடு நடந்த பேச்சு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சமரச அமர்வில்தான் முடிவுக்கு வந்தது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. ஒரு வழக்கறிஞரின் கட்டணத்தைப் பெருமளவு கொடுத்து முடித்தபின்தான் இதை நான் அறிந்தேன். நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும், முதலில் அங்கே போங்கள். முடிவு இதுதான்: மனை முழுவதும் அண்ணனுக்கு; வீட்டின் பாதியிலும் வைப்புத்தொகையிலும் நகையிலும் தமக்குள்ள உரிமையை அண்ணனும் நாத்தனாரும் அம்மாவுக்கு விட்டுக்கொடுப்பது. மனையின் சந்தை மதிப்பு அப்போது 14 லட்ச ரூபாய்க்குக் குறையாது. வைப்புத்தொகைக்கான வாரிசுரிமைச் சான்றிதழை சட்டப்படியான வாரிசுகளாகிய அவர்கள் இருவரும்தான் மனுதாரர்களாகக் கேட்கவேண்டியிருந்ததால், சமரசம் கையெழுத்தான பிறகும் அந்த மனு ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. பணம் அவர்கள் கைக்கு வந்து, பின்னர் அம்மாவின் கணக்குக்கு மாறும்வரை எனக்கு நிம்மதி இல்லை. சமரசப் பத்திரத்தில் எத்தனை நாட்களுக்குள் பணத்தை மாற்றவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னது வழக்கறிஞரின் அனுபவம். அந்த வரி பிறகு தேவைப்பட்டது. வீட்டில் உள்ள உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரத்தில் இன்னொரு செலவு காத்திருந்தது. குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் உள்ள முத்திரைத்தாள் கட்டணச் சலுகை, சம்பந்தி உறவுக்குக் கிடைக்கவில்லை. சொத்தைக் கேட்கும்போது அவர்கள் குடும்பம். சலுகையைக் கேட்கும்போது அந்நியர்கள். சம்பளமில்லா விடுப்பையும் சேர்த்து, மூன்று லட்சத்துக்கு மேல் என்று தொடக்கத்தில் சொன்ன கணக்கில் பெரிய பகுதி இந்தப் பத்திரத்துக்கே போயிற்று.

இத்தனையையும் தடுத்திருக்கக்கூடியது இரண்டு பக்கத்தில் எழுதப்பட்ட ஓர் உயில். அதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில் கையால் எழுதினாலும் செல்லும். எழுதுபவர் கையெழுத்திடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்திடவேண்டும். சாட்சிகள் சொத்தில் பயன் பெறாதவர்களாகவும், கூடுமானவரை எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாகவும் இருப்பது நல்லது. பின்னாளில் உயிலை நிரூபிக்க அவர்களில் ஒருவராவது வரவேண்டியிருக்கும். பதிவு கட்டாயமில்லை என்றாலும், தாய்வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் இடையே உரசல் வரக்கூடிய நிலையில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுவதே பாதுகாப்பு. எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். நாற்பது வயதில் உயிலா என்று கேட்பவர்களுக்கு என் தங்கையின் வயதைச் சொல்லுங்கள். கணவரைப் பிரிந்து, சட்டப்படி விவாகரத்து பெறாமல் வாழும் பெண்களுக்கு இது இன்னும் அவசரம். குழந்தை இல்லையென்றால், இருபது ஆண்டுகளாக முகம் பார்க்காத கணவரே அவர்களுடைய சம்பாத்தியத்துக்கு முதல் வரிசை வாரிசு. நான் இங்கே சொன்ன சட்டம் பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் பொருந்தும். கிறித்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கணவர் உயிருடன் இல்லாதபோது பெண்ணின் சொத்து அவளுடைய சொந்த இரத்த உறவுகளுக்கே செல்லும், முஸ்லிம்களுக்கு அவர்களுடைய தனிச்சட்டம் உண்டு.

விடுதலைப் பத்திரம் பதிவான அன்று நாத்தனார் என்னிடம் எங்கள் வழக்கறிஞரின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். மறு மாதமே அவருடைய உயில் பதிவாயிற்று. தனக்குப்பின் எல்லாம் தன்னுடன் வாழும் சித்திக்கு என்று எழுதியிருக்கிறார். என் அம்மாவும் எழுதிவிட்டார். நானும் எழுதினேன். என் கணவர் அதைப் படித்துப் பார்க்கக் கேட்டார். சாட்சிகளின் கையெழுத்து ஆனபிறகு கொடுத்தேன்.